காப்பு நோட்டிலிருந்து ஆறு பெயர்கள்

எங்கள் தாமான் குடியிருப்பில் இப்போது பெண்கள் கழுத்தில் தங்கம் தெரியக் கடைக்குப் போகிறார்கள். அதற்கு நான்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால் யாராவது எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறார். நானும் உட்கார்ந்துவிடுகிறேன். வேண்டாம் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. அப்படிப்பட்ட ஆள்தான் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்து போக வேண்டாம்.

கெடா மாநிலத்தில் பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிராணி வேலை பார்த்தேன். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதையெல்லாம் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவன். கிராணி வேலை என்றால் பெயர் எழுதுகிற வேலை. விடிந்தும் விடியாமலும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிக்கும் பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு மருந்துச் சீட்டு, யார் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பாரம், எல்லாம் என் கைதான். பெயருக்குப் பக்கத்தில் ஐ.சி. என்கிற அடையாள அட்டையின் நம்பர் எழுத வேண்டும். பன்னிரண்டு எண்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். கெடா என்றால் பூஜ்யம் இரண்டு. எங்கள் தோட்டத்து ஜனம் மொத்தமும் கெடாவில் பிறந்ததுதானே, அந்த நடு இரண்டை நான் அட்டையைப் பார்க்காமலே எழுதிவிடுவேன். கை தானாக எழுதிக்கொண்டு போகும். அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

வேலை ஓய்ந்ததும் புக்கிட் செலம்பாவில் ஒரு தாமானில் வீடு வாங்கி வந்தோம், நானும் மனைவியும். எங்கள் தோட்டத்து ஆட்கள் பலர் அங்கேதான் குடியேறியிருந்தார்கள். வந்த வருஷமே என்னைக் கோயில் செயலாளராக்கிவிட்டார்கள். மலாய் எழுதத் தெரிந்தவன், வாய் உள்ளவன், வேறு என்ன வேண்டும்? நான் செய்த முதல் காரியம் தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறவர்களுக்கு ஒரு நோட்டுப் போட்டது. அதுவரை ஜனம் வரும், பூசாரி மஞ்சள் கயிறு கட்டுவார், விரதம் இருப்பார்கள், தீ மிதிப்பார்கள், அவ்வளவுதான். இனிமேல் பெயர், ஐ.சி. நம்பர், கைத்தொலைபேசி எண் எழுதிவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும் என்று சொன்னேன். எதற்கு என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு வரிசை நின்றால் அதன் தலைமாட்டில் ஒரு நோட்டு இருக்க வேண்டும், அது என் ரத்தத்தில் ஊறிப்போன வழக்கம்.

கேட்டது ஒரே ஒருவன். பக்கத்து வீட்டுக்காரி மகன். அவளும் எங்கள் தோட்டத்தவள்தான். புருஷன் போன பிறகு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து அவனை வளர்த்தாள். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். மகனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது, சுங்கைப் பட்டாணியில் மோட்டார் பட்டறையில் வேலை, கோயிலில் உறுமி அடிப்பான். அந்த வருஷம் தோளில் உறுமியை மாட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றவன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, ஆத்தாளுக்கு எதுக்கு ஐ.சி. நம்பர்? பேரச் சொன்னா அவளுக்குத் தெரியாதா லா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பூசாரியும் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் என் மேசைக்கு முன்னால் நின்று எவனும் என்னைச் சிரிப்புக்கு ஆளாக்கியதில்லை. "நம்பரச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன். அவன் சொன்னான், நான் தலை நிமிராமல் எழுதினேன். சின்ன விஷயம் என்று மறந்திருக்க வேண்டும். மறக்கவில்லை.

அதற்கு நாலைந்து மாதம் கழித்து என் மனைவியின் சங்கிலியை அறுத்தார்கள். பட்டப்பகல். காய்கறி வாங்கிக்கொண்டு ரோட்டோரம் வந்துகொண்டிருந்தவளை மோட்டாரில் வந்த இருவர் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். தாலிச் சங்கிலி அறுந்து போனது, அவள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தலையில் ஹெல்மெட், கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார்கள், முகம் தெரியவில்லை என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு மாதம் படுக்கை. கழுத்தைச் சுற்றி இழுத்த தடம் சிவப்பாக ஒரு வாரம் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்த நான்கு மாதமும் அவளைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, துணி மாற்றியது எல்லாம் பக்கத்து வீட்டுக்காரிதான். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, தன் வீட்டுக் கதவைக்கூடத் திறக்காமல் நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். "அண்ணி, எழுந்திரிங்க" என்று அவள் குரல் கேட்டால்தான் என் மனைவி அசைவாள். நான் வெந்நீர் போடுவதோடு சரி. ஆம்பளைக்கு அதற்கு மேல் என்ன தெரியும் என்று நானே எனக்குச் சலுகை கொடுத்துக்கொண்டேன். எனக்கு இருந்ததெல்லாம் கோபம் மட்டும். எவனையாவது பிடித்து எலும்பை முறிக்க வேண்டும். எவனாக இருந்தாலும் சரி என்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டதை நான் அப்போது கவனிக்கவில்லை.

எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை அது. அந்த ஒரு வருஷத்தில் தாமானில் பெண்கள் தாலியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு நடந்தார்கள். மைதானத்து ஓரம் இளவட்டங்கள் கூடி நின்றால் ஜனம் வேறு வழியாகச் சுற்றிப் போகும். அடிதடி, மிரட்டல் எல்லாம் இருந்தது. நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பயம் உண்மையான பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். போலீஸ் அதிகாரி ஒருவர் வந்தார். தன்மையான மனிதர், சீனி குறைவாகத் தேத்தண்ணி கேட்டார். கோர்ட்டுக்குப் போனால் சாட்சி வேண்டும், சாட்சி சொல்ல உங்களில் யார் வருவீர்கள் என்று மலாயில் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. கோர்ட் இல்லாமலே உள்ளே வைக்கிற சட்டம் ஒன்று இருக்கிறது, அதில் சாட்சி வந்து நிற்க வேண்டியதில்லை, பெயர் கொடுத்தால் போதும், கொடுத்தவர் யார் என்று வெளியே தெரியாது என்றார். மண்டபத்தில் ஒரு நிம்மதி பரவியது. எனக்கு இப்போதும் அந்த நிம்மதி ஞாபகம் இருக்கிறது.

வேலை ஓய்ந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மட்டும் எழுந்தார். "தப்பான ஆளப் புடிச்சுட்டா யாருகிட்டங்க போய்ச் சொல்றது?" என்றார்.

நான் எழுந்தேன். "சார், உங்க வீட்டுப் பொம்பளைக்கு இடுப்பு ஒடஞ்சிருந்தா இந்தக் கேள்வி வராது" என்றேன். கைதட்டினார்கள். நான் நிறுத்தவில்லை. தோட்டத்தில் துரை காலத்தில் இப்படியா இருந்தது, ஒரு சத்தம் போட்டால் லயத்து வீடெல்லாம் அடங்கும், நாட்டைக் காக்க இரும்புக் கை வேண்டும், அடக்கி வைக்க ஆள் இருந்தால்தான் நல்லவன் நிம்மதியாகத் தூங்க முடியும் என்று முழங்கினேன். அந்தத் துரை எங்கள் மாட்டுக்கொட்டகைகளைப் பிரிக்கச் சொன்னபோது வாயைத் திறக்க முடியாமல் நின்ற ஜனம்தான் இது. என் சொந்தத் தகப்பனும் அதில் ஒருவர். அதெல்லாம் அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆசிரியர் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு ஐந்து பெயர்கள் காதோடு காதாக வந்தன. அதிகாரிக்கு ஐ.சி. நம்பரோடு வேண்டும். நம்பர் என்னிடம் இருந்தது. அந்த ஐந்து பேரும் தீமிதிக்குக் காப்புக் கட்டியவர்கள்தான், ஊரில் எவன்தான் கட்டவில்லை?

வீட்டு மேசையில் காப்பு நோட்டை விரித்து வைத்து ஐந்து பெயர்களை ஒரு தாளில் எடுத்து எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். ஐந்தும் முடிந்தது. பேனா கையில் இருந்தது, நோட்டும் திறந்தே இருந்தது. அதே பக்கத்தில் அந்த உறுமிக்காரன் பெயர். அவனை அந்த ஐந்து பேரில் ஒருவனோடு ஒருமுறை கடையில் பார்த்திருக்கிறேன். அவன் மோட்டார் சத்தம் தெருவையே எழுப்பும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதோடு அந்தக் கேள்வி, அந்தச் சிரிப்பு. ஆறாவதாக அவன் பெயரை எழுதினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த அறையில் அவன் அம்மா என் மனைவியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாளை அதிகாரியிடம் கொடுத்து மூன்று வாரம் கழித்து ஒரே நாளில் ஆறு பேரையும் தூக்கினார்கள். அவனைப் பட்டறையில் வைத்து, கையில் எண்ணெயோடு. அவள் ஓடி வந்தது என்னிடம்தான். "அண்ணே, நீங்க வாங்கண்ணே. ஒங்களுக்குத்தான் மலாய் வரும். எம்புள்ள என்ன செஞ்சான்னு கேளுங்கண்ணே." போலீஸ் பாலாய்க்குப் போனேன். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து வந்த அந்த அதிகாரி என்னைப் பார்த்துத் தெரிந்தவரைப் போலத் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

பறிப்பு நின்றது. இதை நான் மறைக்க மாட்டேன், ஏனென்றால் அதுதான் இந்தக் கதையிலேயே கசப்பானது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் உருப்படாத ரௌடிகள் என்று இன்றைக்கும் சொல்வேன். மைதானம் காலியானது. அடுத்த திருவிழாவுக்குப் பெண்கள் தாலியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மனைவிக்குப் புதுச் சங்கிலி வாங்கி வந்தேன். அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அவ புள்ள உள்ள இருக்கான். நான் இத மாட்டிக்கிட்டு அவ கையால குளிக்கணுமா?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே அவளுக்கு வெட்கம் இருந்தது. எல்லாம் தெரிந்த எனக்கு இல்லை.

அவனை முதலில் அறுபது நாள் வைத்திருந்தார்கள். பிறகு இரண்டு வருஷத்துக்குத் தடுப்புக்காவல் ஆணை வந்தது. தெற்கே, ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் முகாம். அவள் அந்தத் தாள்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். சுங்கைப் பட்டாணியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தாளாம். இந்த மாதிரி வழக்கில் அவன் செய்தானா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள், தாளில் தப்பு இருந்தால்தான் மோத முடியும் என்று சொன்னாராம். "படிச்சுப் பாருங்கண்ணே. தப்பு ஏதும் இருந்தா சொல்லுங்க."

படித்தேன். இரண்டாம் பக்கத்தில் அவன் பெயர், அதற்குக் கீழே ஐ.சி. நம்பர். நடுவில் பூஜ்யம் இரண்டு.

அவன் கெடாவில் பிறந்தவன் இல்லை. பிரசவத்தில் சிக்கலாகி அவளைப் பினாங்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தோட்டத்து வண்டிக்கு அன்று சீட்டு எழுதிக் கொடுத்ததே நான்தான். பினாங்கு என்றால் பூஜ்யம் ஏழு. அவன் வரிசையில் நின்று சரியாகத்தான் சொல்லியிருப்பான். என் கை, கேட்காமல், பார்க்காமல், தன் வழக்கப்படி எழுதிவிட்டது. நோட்டிலிருந்து என் தாளுக்கு, என் தாளிலிருந்து அவர்கள் தாளுக்கு, அப்படியே போய், எத்தனையோ மேசை தாண்டி, முத்திரை குத்தி, பெரிய கையெழுத்து போட்டுத் திரும்பி என் மடியில் வந்து விழுந்தது. ஒரு மனிதனை இரண்டு வருஷம் அடைக்கிற தாளில் அவன் எங்கே பிறந்தான் என்றுகூட எவரும் ஒத்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? எதிரில் நின்று கேட்க ஒருவரும் இல்லையே. நாட்டைக் காக்கிற இரும்புக் கை என்று மண்டபத்தில் நான் முழங்கிய கை, கடைசியில் பார்த்தால் என்னைப் போன்ற ஒரு கிராணியின் கை.

அந்தத் தப்பைக் காட்டினால் வழக்குக்கு ஒரு பிடி கிடைக்கும். காட்டினால் அது எந்த நோட்டிலிருந்து வந்தது என்பதும் வெளியே வரும். இரண்டும் ஒரே நொடியில் எனக்குத் தெரிந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல தங்கச்சி" என்றேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் நல்லா ஒரு மனு எழுதித் தாரேன்."

எழுதினேன். கைம்பெண், ஒரே மகன், கோயில் தொண்டு செய்கிறவன் என்று உருகி உருகி எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல மலாய் நான் எழுதியதில்லை. ஆறு மாதம் கழித்து நிராகரித்துப் பதில் வந்தது. அவள் மறுபடியும் அதே பிளாஸ்டிக் உறையோடு வந்தாள். "இன்னொரு வாட்டி படிச்சுப் பாருங்கண்ணே, தப்பு ஏதும் கண்ணுல படுதான்னு." படவில்லை என்றேன். அடுத்த வருஷமும் வந்தாள், அதே கேள்வி, அதே பதில். நடுவில் ஒரு நாள்கூட அவள் என் மனைவியைப் பார்க்க வராமல் இருந்ததில்லை. மனைவி கைத்தடி ஊன்றி நடக்கப் பழகியது அவள் தோளைப் பிடித்துத்தான். அவர்கள் இரண்டு பேரும் கூடத்தில் மெல்ல நடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவேன். அங்கே நாற்காலி காத்திருக்கும்.

இந்த வருஷம் அவன் வந்துவிட்டான். இளைத்துப் போயிருக்கிறான். பட்டறையில் மறுபடியும் சேர்த்துக்கொள்ளவில்லை. உறுமி அடிக்கக் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டான். அம்மாவின் வேண்டுதலுக்காகக் காப்புக் கட்ட மட்டும் வந்தான். நான் வழக்கம்போல வரிசையின் தலைமாட்டில் மேசை போட்டு நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். இன்னமும் நான்தான் செயலாளர், யாரும் என்னை மாற்றவில்லை, நானும் விலகவில்லை.

அவன் முறை வந்தது. பக்கத்தில் அவள். அவன் சிரிக்கவில்லை, கேள்வி எதுவும் கேட்கவில்லை. பெயரைச் சொன்னான். பிறகு எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆறு எண் சொல்லி நிறுத்தினான்.

"நடுவுல பூஜ்யம் ஏழு, மாமா. பாத்து எழுதுங்க."

என் பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அவன் இல்லை, அவள்.

"அந்தத் தாளு கைக்கு வந்த அன்னைக்கே பாத்துட்டேண்ணே" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை, பின்னால் நிற்பவருக்குக்கூடக் கேட்டிருக்காது. "இவன் ஒண்ணாம் வகுப்பு சேந்தப்பவும் பாரத்துல நீங்க பூஜ்யம் ரெண்டுன்னுதான் எழுதிக் குடுத்தீங்க. திருத்த நான்தானே அலைஞ்சேன். ஒங்க கைதான்னு எனக்குத் தெரியாதா?"

நான் நோட்டைக் குனிந்து பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"நம்பர் மட்டும் தப்புன்னா டைப் பிழைன்னு தள்ளிருவாங்கன்னு வக்கீல் சொன்னாரு. பேரு குடுத்தவரே, நான் ஒண்ணும் பாக்கல, சும்மாதான் குடுத்தேன்னு எழுதினா அந்தத் தாளே நிக்காது, வெளிய எடுத்துரலாம்னாரு. அதான் தாளக் கொண்டாந்து ஒங்க முன்னால வச்சேன். மூணு வாட்டி வச்சேன்."

"நேராக் கேட்டிருக்கலாமே, தங்கச்சி" என்றேன். எப்படி அந்த வார்த்தை என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அந்த நேரத்திலும் அவள் மேல் ஒரு குற்றம் வைக்கப் பார்த்திருக்கிறேன்.

"கேட்டு, நீங்க இல்லேன்னு சொல்லிட்டா? அதுக்கு மேல நான் எங்கண்ணே போவேன்? நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "அண்ணிக்குத் தெரியாது. நான் சொல்லல."

நான் பூஜ்யம் ஏழு என்று எழுதினேன். மீதி நான்கு எண்களை அவன் சொன்னான், அதையும் எழுதினேன். பூசாரி அவன் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் சாமி கும்பிடப் போனார்கள்.

நான் வரிசையைப் பார்த்தேன். ஆத்தாளுக்கு எதுக்கு நம்பர் என்று அன்றைக்கு அவன் கேட்ட கேள்வியை இந்த முறை ஒருவராவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் நோட்டை மூடிவிடலாம் என்றிருந்தது. மண்டப வாசல் தாண்டி வெயிலில் நின்ற கடைசி ஆள் வரைக்கும் எல்லாரும் ஐ.சி.யைக் கையில் எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள்.